செம்பு, மெழுகுத்தாள், காக்காப்பொன்

1799-ல் மாட்ரிட் நகரில் பிரான்சிஸ்கோ கோயா 80 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ‘லாஸ் காப்ரிசோஸ்’ என்று பெயர். சூனியக்காரிகள், நோயாளியின் நாடி பிடிக்கும் கழுதை வைத்தியர், மேசையில் தலை சாய்த்து உறங்குபவனைச் சூழ்ந்து பறக்கும் ஆந்தைகள் என்று ஐரோப்பாவின் கெட்ட கனவுகளெல்லாம் அதில் இருந்தன. அதற்குச் சற்று முன்பு லண்டனில் வெளியான இன்னொரு தொகுப்பில் திருச்சி மலைக்கோட்டை இருந்தது. முன்னால் காவிரி, பின்னால் பாறை. கோயாவின் ஆந்தைகளைச் சூழ்ந்த இருட்டும் நம் பாறையைச் சூழ்ந்த வெளிச்சமும் ஒரே முறையில் பிறந்தவை. செம்புத் தகட்டில் அமிலம் அரித்த நுண்ணிய குழிகள்தான் இரண்டுக்கும் மூலம்.

ஓவிய இயக்கங்களைப் பற்றிப் படிக்கும்போது கொள்கைகளே நம் முன் வைக்கப்படுகின்றன. ரொமான்டிசிசம் உணர்ச்சியைக் கொண்டாடியது, நியோகிளாசிசம் கிரேக்கத்தைத் திரும்பிப் பார்த்தது என்று பாடம் போகும். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, அந்தக் கொள்கை எந்தப் பொருளின் மேல் ஏறி ஊர் ஊராகப் போனது என்பது. திருச்சிக்கு அது வந்த கதையில் மூன்று பொருள்கள் உண்டு.

முதலாவது செம்பு. செம்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி அச்செடுப்பது ஐரோப்பாவில் பழைய வேலை. கோடு கிடைக்கும், ஆனால் நீர்வண்ணத்தில் தூரிகையால் இழுத்தது போன்ற மெல்லிய சாயல் கிடைக்காது. 1760-களில் பிரான்சில் ழான் பாப்டிஸ்ட் லெ ப்ரான்ஸ் இதற்கு வழி கண்டார். பிசினைப் பொடியாக்கித் தகட்டின் மேல் தூசி போலப் படியவிட்டு, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இறக்கினால், துகள் மூடிய இடத்தை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் அமிலம் தின்னும். குழி ஆழமானால் அதிகம் மை தங்கும், அச்சு கறுக்கும். வெண்மை வேண்டிய இடத்தில் முதலிலேயே வார்னிஷ் பூசி அடைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் அமிலம், எடுத்து இன்னும் சில இடங்களில் வார்னிஷ், மறுபடி அமிலம். இப்படிப் படிப்படியாக வானத்தின் வெளுப்பிலிருந்து புதரின் கருமை வரை ஒரே தகட்டில் வந்துவிடும். அக்வாடின்ட் என்பது இதுதான்.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். தாமஸ் இளமையில் கோச் வண்டிகளுக்குச் சித்திரம் எழுதும் பட்டறையில் வேலை பழகியவர். வில்லியத்துக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. அக்வாடின்ட் கைவேலையைக் கல்கத்தாவில்தான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஊரின் 12 காட்சிகளை அங்கேயே அச்சிட்டு விற்றார்கள். 1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு சென்னைக்கு வந்து, பல்லக்கும் பரிவாரமுமாகத் தெற்கே புறப்பட்டார்கள். நல்ல வியாபாரக் கணக்கு அது. திப்புவோடு நடந்த போரின் இடங்களைப் பார்க்கச் சென்னையிலும் லண்டனிலும் வெள்ளைக்காரர்கள் ஆவலாக இருந்தார்கள். திருச்சியும் அவர்களுக்குப் புதிய பெயரில்லை. 1750-களில் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்குமாக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்த மலையடியில் அடித்துக்கொண்டதை அவர்கள் கதையாகக் கேட்டிருந்தார்கள்.

டேனியல்கள் கையில் கேமரா அப்ஸ்கூரா இருந்தது. பெயரில் கேமரா இருந்தாலும் போட்டோ எடுக்காது. இருண்ட பெட்டி, ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே கண்ணாடி. எதிரே உள்ள காட்சி பெட்டிக்குள் ஒளியாக விழும், அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் கோட்டைப் பிடித்துவிடலாம். கோபுரத்தின் நிலைகளை எண்ணி அளவெடுக்க வேண்டாம், பெட்டியே அளவு சொல்லும். ஆனால் எங்கே நின்று பெட்டியைத் திறப்பது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு கொள்கை இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் அதைப் பிக்சரஸ்க் என்றார்கள். வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் பரப்பியது. வழவழப்பு அழகாக இருக்கலாம், படத்துக்கு ஆகாது. கரடுமுரடு வேண்டும், சிதைவு வேண்டும். முன்னே இருண்ட நிலம், நடுவே வெளிச்சம், தொலைவில் மங்கல். சமவெளியில் திடுக்கென எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை, உச்சியில் கோயில், காலடியில் ஆறு என்று நிற்கும் திருச்சி, கில்பினின் விதிகளைக் கேட்டுக்கொண்டு உருவானது போல இருந்திருக்கும். டேனியல்கள் காவிரியிலிருந்து மலைக்கோட்டையைப் பிடித்தார்கள். ‘ஓரியன்டல் சீனரி’ என்ற அவர்களுடைய பெருந்தொகுப்பு 1795 முதல் 1808 வரை வெளியானது. மொத்தம் 144 படங்கள். அச்சிட்ட பிறகு ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். சீமையில் சீமான்கள் வீட்டு நூலகங்களுக்கு நம் பாறை போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

சிதைவைத் தேடி வந்த கண்ணுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வேடிக்கை காத்திருந்தது. தெற்கு ராயகோபுரம் அப்போது கல்லாலான அடிநிலையோடு நின்றிருந்தது. ஊர்க்காரர்கள் மொட்டைக் கோபுரம் என்றார்கள். இடிந்ததல்ல, கட்டி முடிக்கப்படாதது. 1987-ல் 13 நிலைகளோடு சுமார் 73 மீட்டருக்கு எழுந்த பிறகுதான் அந்தப் பெயர் கழன்றது. கட்டடக் கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசனுக்கு ஸ்ரீரங்கத்தில் வேறொரு குறை. வெளியே பெரிய கோபுரம், உள்ளே போகப் போகச் சின்னது, கருவறை எல்லாவற்றிலும் சின்னது. இதைத் தலைகீழாகச் செய்திருந்தால் தென்னிந்தியாவின் மிகச் சிறந்த கோயில்களில் ஒன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தில் 1876-ல் எழுதினார். கதீட்ரல்களையும் கிரேக்கக் கோயில்களையும் தூரத்தில் நின்று ஒரே பார்வையில் அளந்து பழகியவருக்கு அப்படித்தான் தோன்றும். ஏழு பிராகாரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, வெளிச்சம் குறையக் குறைய, பெருமாளை நெருங்கும் ஒருவருக்கு அந்தச் சுருக்கம்தான் வழி. ஃபெர்குசன் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. படமாக அடங்காத கட்டடத்தைப் படமாகப் பார்த்துவிட்டார்.

இரண்டாவது பொருள் மெழுகுத்தாள். 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை, வடக்கே கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த மாதங்களில், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தெற்கே சுற்றினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்தில் ஒரே படமாக்கியவர் அவர்தான். பலருக்கும் அவரைப் பற்றி அதுதான் தெரியும். எனக்குப் பிடித்தது அவருடைய மேகங்கள்.

அன்றைய மெழுகுத்தாள் முறை இப்படி: நல்ல தாளில் மெழுகை ஊற வைத்து ஒளி ஊடுருவும்படி ஆக்கி, அயோடைடு கரைசலிலும் பிறகு வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்ப்பார்கள். தாளில் வெள்ளி அயோடைடு உருவாகும். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஈரம் காயுமுன் வேலையை முடித்தாக வேண்டிய கண்ணாடித் தகட்டைவிட நம் வெயிலுக்கு இது தோது. ஆனால் வெள்ளி அயோடைடுக்கு எல்லா நிறமும் ஒன்றல்ல. நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் துடிக்கும், பச்சைக்கும் சிவப்புக்கும் அசையாது. நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்தால் நீல வானம் எரிந்து போகும். நெகடிவில் வானம் முழுக்கக் கறுப்பு, அச்சில் வெறும் வெள்ளை. மேகம் இருந்ததா இல்லையா என்றே தெரியாது. நடந்து போகிற ஆட்களும் பதிய மாட்டார்கள். சந்தடி மிகுந்த ஊர்கூட அன்றைய படங்களில் ஆளற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரைப் என்ன செய்தார்? நெகடிவின் மேல் தூரிகையால் வண்ணம் பூசி மேகம் வரைந்தார். நெகடிவில் அடர்த்தி கூடிய இடம் அச்சில் வெளுக்கும். ஆகவே தலைகீழாக நினைத்து வரைய வேண்டும். மர இலைகளையும் இப்படித் திருத்தினார். ஏன் இவ்வளவு சிரமம்? 1802-ல் லூக் ஹவர்டு மேகங்களுக்கு வகை பிரித்துப் பெயர் வைத்தார். 1821, 1822-ல் ஜான் கான்ஸ்டபிள் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டுமே படம் படமாக எழுதினார். அந்தத் தலைமுறைக்குப் பிறகு மேகமில்லாத நிலக்காட்சி இங்கிலீஷ் கண்ணுக்கு ஊமையாகத் தெரிந்தது. கருவி காணாததை ரொமான்டிசிசம் கண்டு சொல்லிற்று, ராணுவ அதிகாரி கைப்பட எழுதிச் சேர்த்தார். உள்ளதை உள்ளபடி காட்டும் சாட்சி என்று அரசாங்கம் நம்பிய படங்களில் இப்படி ஒரு கைவேலை! 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று திட்டத்தையே மூடிவிட்டார்.

மூன்றாவது பொருளைக் கையாண்டவர்கள் நம்மூர்க்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி, மைக்கா ஓவியங்களுக்குப் பேர்போன ஊர். காக்காப்பொன், அப்பிரகம் என்று நாம் சொல்லும் அந்தக் கனிமத்தில் சிலிக்கேட் அடுக்குகள் புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது. இரண்டு அடுக்குகளை ஒட்டி வைப்பது இடையில் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் மட்டுமே. அது பலவீனமான ஒட்டு. கத்தி முனையை நுழைத்தால் பளபளவென்று தகடாக உரிந்து வரும். ஒளி ஊடுருவும், கண்ணாடியைப் போல உடையாது, தபாலில் அனுப்பக் கனமும் இல்லை. ரஷ்யாவில் ஜன்னலுக்கே இதைப் போட்டார்கள்.

ஓவியர்கள் இதில் தொழிலாளர்களை, தம்பதிகளை, ஊர்வலங்களை எழுதினார்கள். வாங்கியவர்கள் ஊருக்குத் திரும்பும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும். வாங்குபவர் ரசனை படத்துக்குள் வந்தது. தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் கிருஷ்ணனுக்குத் தரையில் நிழல் விழுவதில்லை. கம்பெனிக்காரர்களுக்காக எழுதப்பட்ட படங்கள் பலவற்றில் மனிதர்களுக்குக் காலடியில் ஒரு சின்ன நிழல் முளைத்தது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது என்ற ஐரோப்பியப் பாடம் அது. ஆனால் மேகத்தை மட்டும் இவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. பெரும்பாலும் காலுக்கு அடியில் கொஞ்சம் தரை, அதற்கு மேல் வெறும் மைக்கா. டேனியல் அமிலத்தோடு போராடிக் கொண்டுவந்த வானத்தை, டிரைப் நெகடிவில் பூசிய வானத்தை, இவர்கள் தொடாமலே விட்டார்கள். தாளின் மேல் வைத்தால் தாள் நிறம் வானம், ஜன்னலருகே பிடித்தால் ஜன்னலே வானம். இது சோம்பேறித்தனம் என்று எழுதியவர்கள் உண்டென்றால் நான் ஒப்பமாட்டேன்.

டேனியலும் டிரைப்பும் தங்கள் படங்களில் பெயர் போட்டுக்கொண்டார்கள். மைக்கா ஓவியர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பவற்றிலும் ‘திருச்சிராப்பள்ளி’ என்ற ஊர்ப்பெயரே அடையாளம். போட்டோவும் அதன் பின்னால் அஞ்சலட்டையும் மலிவாக வந்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது.

மிச்சமிருப்பவையும் நோயாளிகள்தான். தாள் வண்ணத்தை உறிஞ்சி நாருக்குள் வைத்துக்கொள்ளும். மைக்கா ஒரு துளியும் உறிஞ்சாது. வண்ணம் மேலே காய்ந்த படலமாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தகடு சற்றே வளைந்தால் படலம் வெடித்து உதிரும். ஓரத்தில் காற்றோ ஈரமோ புகுந்தால் மைக்காவே இன்னொரு முறை உரியத் தொடங்கும். ஓவியருக்குத் தகடு உரித்துக் கொடுத்த அதே பலவீனமான பிணைப்பு இப்போது பாதுகாவலர்களுக்குத் தலைவலி. பசை வைத்து ஒட்டப் போனால் பசையும் அந்த வழுவழுப்பில் பிடிப்பதில்லை.