வயல் வெடிப்பும் குதிகால் வெடிப்பும்

(வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி என்று பேசுகிற நான் இன்று உங்கள் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விவசாய அலுவலருக்கு இது என்ன வேலை என்று நினைக்காதீர்கள். வயலில் முதலில் இறங்குகிற கருவி கால்தான். மண்வெட்டி மழுங்கினால் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கால் வெடித்தால் மட்டும் 'கிடக்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு தை மாதம். தாளடி வயலில் உளுந்து தெளிக்கிற நேரம். ஒரு பெரியவர் குதிகாலை ஊன்றாமல் வரப்பில் நடந்து வந்தார்.

"என்னங்க ஐயா, முள்ளா?" என்றேன்.

"முள் இல்லே தம்பி, பித்த வெடிப்பு. பனி வந்தா வர்றதுதான். பிளேடாலே சீவிட்டு வண்டி மையைத் தடவுனா சரியாப் போயிடும்" என்றார்.

உளுந்துக்கு விதை நேர்த்தி செய்வதைப் பற்றி அவரிடம் அரைமணி நேரம் பேசினேன். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. சீவிய இடம் புண்ணாகி, சீழ் வைத்து, எலும்பு வரைக்கும் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கும்படி ஆயிற்று. பிறகு திண்ணையில் பார்த்தபோது, "கால் மரத்துப் போயிருந்துச்சு தம்பி, புண்ணு வெச்சதே தெரியலே" என்றார். அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

வெடிப்பு ஏன் வருகிறது?

பெயர்தான் பித்த வெடிப்பு. பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீர் வற்றிய களிமண் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஈரம் இருக்கிறவரை மண் வளைந்து கொடுக்கும். காய்ந்தால் சுருங்கும், பிளக்கும். குதிகாலிலும் இதே கதைதான்.

உடம்பில் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் உண்டு. உள்ளங்காலில் அவை கிடையாது; வியர்வைதான் உண்டு. வெறுங்காலோடு நடக்க நடக்கத் தோல் காய்ப்பேறித் தடிக்கிறது. சேற்றில் ஊறுவதும் வெயிலில் காய்வதும் மாறி மாறி நடந்தால், தோலில் இருக்கிற பசையும் போய்விடுகிறது. இந்த நிலையில் உடம்பின் பாரம் இறங்கும்போது குதிகாலின் சதை பக்கவாட்டில் பிதுங்குகிறது. தடித்துக் காய்ந்த தோல் விரிந்து கொடுக்காமல் ஓரத்தில் பிளந்துவிடுகிறது. மார்கழி, தையில் காற்றில் ஈரம் குறைவு. அதனால்தான் அப்போது அதிகம்.

என்ன செய்யலாம்?

வயலுக்குச் செய்வதைத்தான் காலுக்கும் செய்ய வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு மூடாக்கு.

ராத்திரி படுக்கப் போகுமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிஷம் காலை வையுங்கள். தோல் இளகியதும், கால் தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேய்க்கவும். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கப் பார்க்க வேண்டாம். ரத்தம் கசிகிற வெடிப்பைத் தேய்க்கவே கூடாது. துணியால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே வாசலினோ, தேங்காய் எண்ணெயோ, விளக்கெண்ணெயோ தடவவும். காய்ந்த தோலில் எண்ணெய் தடவினால் பாதிப் பலன்தான். மூடாக்கு என்பது உள்ளே இருக்கிற ஈரத்தைக் காப்பதற்குத்தானே? மேலே பருத்திக் காலுறையோ, பழைய வேட்டித் துணியோ சுற்றிக்கொண்டு படுக்கலாம். சிமெண்டுத் தரையில் வழுக்கும், ஜாக்கிரதை!

தேன்மெழுகு கிடைத்தால் வீட்டிலேயே களிம்பு செய்யலாம். ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு தேங்காய் எண்ணெய். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, அதைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கவும். நன்றாக ஆறிய பிறகே காலில் தடவ வேண்டும்.

மருந்துக் கடையில் யூரியா கலந்த களிம்பும் உண்டு. யூரியாவா என்று சிரிக்காதீர்கள்! மூட்டை திறந்து கிடந்தால் யூரியா ஈரத்தை இழுத்துக் கசிகிறதல்லவா? அதே குணத்தால் தோலிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தடித்த தோலை இளக்கவும் செய்கிறது. களிம்பில் இதைச் சுத்தமாகத் தயாரித்து, நூற்றுக்கு 10 முதல் 25 பங்கு அளவில் சேர்க்கிறார்கள். அதற்காக உர மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள், புண்தான் மிஞ்சும். ஆழமாகப் பிளந்து வலிக்கிறபோது யூரியாக் களிம்பு எரியும். முதலில் வாசலினால் வெடிப்பை மூடவிட்டு, பிறகு இதைத் தடவுங்கள்.

விதைத்த மறுநாளே கதிர் வருவதில்லை. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பலன் தெரியும். ஆறிய பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவை தொடர வேண்டும்.

எது கூடாது?

பிளேடும் கத்தியும் வேண்டாம். வண்டி மை, சுண்ணாம்பு, சாம்பல் எதையும் வெடிப்பில் அடைக்க வேண்டாம்.

விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, அரித்தால் அது சேற்றுப்புண். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குதிகாலுக்கு ஈரம் வேண்டும். விரல் இடுக்குக்குக் காய்ச்சல் வேண்டும். அங்கே எண்ணெய் தடவாமல், நன்றாகத் துடைத்து உலரவிட்டுக் காளான் மருந்து போட வேண்டும். உள்ளங்கால் முழுக்க மாவு படிந்ததுபோல் செதில் உதிர்ந்தாலும் அது காளானாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

வெடிப்பு ஒரு திறந்த கதவு

மண்ணிலும் சாணியிலும் ரண ஜன்னிக் கிருமி உண்டு. 10 வருஷத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான, அழுக்குப் பட்ட புண் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீர் வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். வயலில் இறங்கிய சில நாளிலோ, சில வாரத்திலோ கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "வயலில் இறங்கினேன், காலில் வெடிப்பு இருக்கு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பூச்சி மருந்தும் இதே கதவு வழியாக உடம்புக்குள் போகும். மருந்து அடிக்கும்போது ரப்பர் பூட்ஸ் கட்டாயம். நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு நடப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். இறங்குமுன் குதிகாலில் வாசலின் பூசுங்கள். ஏறியதும் கழுவித் துடைத்து, மறுபடி பூசுங்கள். வரப்பிலும் களத்திலும் குதிகாலை மூடிய செருப்பு நல்லது.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நரம்பு கெட்டால் காலில் வியர்வை குறையும், வெடிப்பு கூடும், வலியும் தெரியாது. நீங்கள் சுடுதண்ணீரில் ஊற வைக்கவோ, கல்லால் தேய்க்கவோ, தோலை உரிக்கிற களிம்பை நீங்களாக வாங்கிப் போடவோ வேண்டாம். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம், மரத்துப்போதல், இதில் ஒன்று இருந்தாலும் மறுநாளே ஆஸ்பத்திரி. சர்க்கரை இல்லாதவருக்கும் கால் மரத்துப் போனால் பரிசோதனை அவசியம், தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது, முழுக்கக் குணமாகும்.

பயிரைச் சுற்றிப் பார்க்கத் தினமும் வயலுக்குப் போகிறீர்கள். போய்வந்த காலையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.