தாமிர சபையும் ஒற்றை எலக்ட்ரானும்

“தாமிரத்துக்கு மட்டும் கணக்கு ஏன் இடிக்குது? கேட்டா, விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணுங்கிறாங்க.” பாளையங்கோட்டை பிளஸ் ஒன் மாணவி ஒருவரின் அஞ்சலட்டை இது.

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் கூடு கூடாக அமர்வதெல்லாம் பத்தாம் வகுப்புச் சங்கதி. நிக்கலில் 28 எலக்ட்ரான்கள்: 2, 8, 16, 2. அடுத்த தனிமமான தாமிரத்தில் 29. மூன்றாம் கூட்டில் ஒன்று கூடி 2, 8, 17, 2 என்றுதான் வர வேண்டும். இருப்பதோ 2, 8, 18, 1.

கல்யாண வீட்டுப் பந்தியில் உள்வரிசையில் ஓர் இலை காலி, வெளிவரிசையில் இரண்டே பேர் என்றால், பந்தி விசாரிக்கிறவர் ஒருவரைக் கைப்பிடித்து உள்ளே உட்கார்த்திவிடுவார். உள்வரிசை நிறைந்துவிடும், வெளியே ஒருவர் தனியாக. எலக்ட்ரானை யாரும் விசாரிப்பதில்லை என்பது வேறு விஷயம். அப்படி இருந்தால் தாமிர அணுவின் மொத்த ஆற்றல் குறைவு, அவ்வளவுதான்.

அந்தத் தனி ஆளுக்குத் திருநெல்வேலியில் ஒரு சபையே இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் நெல்லையப்பர் கோயிலில் இருப்பது தாமிர சபை. மதுரையில் வெள்ளி சபை, சிதம்பரத்தில் பொற்சபை. வெள்ளியின் அணுவில் 2, 8, 18, 18, 1. பொன்னில் 2, 8, 18, 32, 18, 1. மூன்றுக்கும் கடைசியில் ஒன்றே ஒன்று. தனிம அட்டவணையில் மூன்றும் 11-வது தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. முன்னோர்கள் அன்றே அட்டவணை போட்டுவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். தகடாக அடிக்க வளைந்துகொடுக்கும், இரும்பைப்போல் துருப்பிடித்து உதிராது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. மின்சாரம் கடத்துவதிலும் உலோகங்களில் முதல் மூன்று இடம் வெள்ளி, தாமிரம், பொன்னுக்குத்தான்.

நிறம் மட்டும் ஏன் வேறு? நிறைந்த உள்வரிசையிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பத் தாமிரத்தில் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் போதும். நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் அந்தத் தெம்பு உண்டு. அவற்றில் கணிசமான பங்கை விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது தாமிரம். வெள்ளிக்குச் சுமார் 4 வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளியாலும் ஆகாது. எல்லாம் திரும்பிவிடுவதால் வெண்மை.

இதை எழுதுபவரின் ஆச்சி வெள்ளிதோறும் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார். கறுத்த ஆக்சைடு புளிப்பில் கரைய, விரல் போன தடமெல்லாம் செக்கச் சிவப்பாக எழும். ஈயம் பூசாத செம்பில் மோர் ஊற்ற விடமாட்டார். எவர்சில்வர் வந்ததும் அந்தக் குடம் எடைக்குப் போனது. பேரன் பேத்திகள் இப்போது செம்பு பாட்டில் வாங்கி, அதில் எலுமிச்சைச் சாறு ஊற்றி வைத்துக் குடிக்கிறார்கள்! புளியில் கரைவது எலுமிச்சையில் கரையாதா?

மாணவிக்கு ஒரு யோசனை. உரக்கடையில் மயில்துத்தம் ஒரு பொட்டலம், வயலுக்குப் போடும் சிங்க் சல்பேட் ஒரு பொட்டலம் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மயில்துத்தத்தில் தாமிரம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நிற்கிறது: வெளியே இருந்த ஒன்றும், உள்வரிசையில் ஒன்றும். மூன்றாம் கூட்டில் மிஞ்சியது 17. அந்த ஓர் இலை காலியானதால்தான் நீலம். துத்தநாகம் இழந்த இரண்டும் வெளிவரிசை ஆட்கள். உள்ளே 18 அப்படியே நிறைந்திருக்க, அந்தப் பொட்டலம் வெள்ளை.