ஆற்றைக் கேட்டுப் பரிசல் விடு!

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் பாட்டிமார் சொல்லிப் போன புத்தி. காவேரியில் பரிசல் விட்டு மீன் பிடிக்கிறவனுக்கோ அது பாதிப் புத்திதான். இப்பொழுது ஆழம் எவ்வளவு என்பதோடு, இன்னும் இரண்டு நாழிகையில் அது எவ்வளவாகும் என்பதையும் அவன் அறிந்தாக வேண்டும். காலை விட்டவன் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக் கொள்ளலாம். பரிசலை விட்டவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

தர்மபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்கு மேற்கே இருக்கும் ஒகேனக்கலை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கன்னடத்தில் அந்தப் பெயருக்குப் 'புகையும் கல்' என்று பொருள். மேலே மேகதாதுவின் குறுகிய பாறை இடுக்கு. கீழே மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே காவேரி பாறைகளில் மோதிப் புகையாய் எழும்பி, பிறகு மடுக்களில் சாதுவைப் போல் அடங்கிக் கிடக்கிறாள். அந்தச் சாதுத்தனத்தை நம்பலாமா என்பதுதான் இங்கே விஷயம்.

வட்டமான ஓடம்

பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த ஒரு பெரிய கூடை. முன்பெல்லாம் அதன் அடியில் தோல் போர்த்தினார்கள். இப்பொழுது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. சாண் ஆழத் தண்ணீரிலும் மிதக்கும். பாறைகளுக்கு இடையே பந்து போல் நழுவிச் செல்லும். ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடந்துவிடலாம். இவ்வளவு குணங்கள் உள்ள பரிசலுக்கு ஒரே ஒரு குறை உண்டு: வேகமான நீரோட்டத்தை எதிர்த்து அது ஏறாது.

ஆகையால் பரிசல்காரன் ஆற்றோடு மிதந்து போகிறான், வலையை விரிக்கிறான், துடுப்பினால் திசையை மட்டும் திருத்திக் கொள்கிறான். வேலை முடிந்ததும் கரை ஏறிப் பரிசலைச் சுமந்து திரும்புகிறான். பாதி வழியில் மனம் மாறினால் வந்த வழியே போக முடியாது. போகலாமா, வேண்டாமா என்ற தீர்மானத்தைக் கரையில் நிற்கும்போதே செய்துவிட வேண்டும்.

கன அடியின் கதை

"ஒகேனக்கலில் நீர்வரத்து வினாடிக்கு 8,000 கன அடி" என்பது போன்ற செய்தியை ஆடி மாதத்தில் பத்திரிகைகளில் தினமும் காண்கிறோம். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். அவ்வாறான 8,000 பங்கு ஜலம் ஒவ்வொரு வினாடியும் கடந்து போகிறது என்று அர்த்தம். இதை அளக்கிற இடம் ஒகேனக்கலுக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே இருக்கிறது. தமிழ் நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. நீர் அந்த இடத்தில் வந்து சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தீர்ப்பளித்தது. தஞ்சாவூர் விவசாயி அந்த எண்ணிலே தன் குறுவையைப் பார்க்கிறான். பரிசல்காரனோ தன் உயிரையும் அன்றைய கூலியையும் சேர்த்துப் பார்க்கிறான்.

ஆனால் கன அடி என்பது ஆழம் அல்ல, வேகமும் அல்ல. அகலம், ஆழம், வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கி வருவது அது. 500 அடி அகலமான ஒரு துறையில் ஆறு 4 அடி ஆழத்தோடு, வினாடிக்கு ஓர் அடி வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக் கொள்வோம். கணக்கு 2,000 கன அடி. அதே ஜலம் கீழே 50 அடி அகலமான பாறைச் சந்தில் நுழைகிறது. அங்கே ஆழம் 10 அடி, வேகம் வினாடிக்கு 4 அடி. கணக்கு அதே 2,000 கன அடிதான்! ஆயினும் வேகம் இரட்டித்தால் தண்ணீர் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். வேகம் நான்கு மடங்கானால் பலம் பதினாறு மடங்காகும். துறையில் குழந்தை கால் நனைக்கிற அதே ஆறு, சந்தில் பரிசலைப் பாறையோடு அறைந்து கவிழ்த்துவிடும்.

எனவே பத்திரிகையில் வரும் எண் ஒன்று, துறையில் கண்ணால் காணும் அடையாளம் ஒன்று, இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். வெள்ளம் மிகுந்த நாட்களில் மாவட்ட நிர்வாகம் பரிசல் போக்குவரத்துக்குத் தடை விதிக்கிறது. அந்தத் தடைக்கு மறுபேச்சே இல்லை. தடை இல்லாத நாளிலும் சொந்த விசாரணை அவசியம்.

நீர் குறைந்தால் அபாயம் இல்லை என்று நினைப்பதும் தவறு. ஜலம் வற்றிய காலத்தில் கூரிய பாறைகள் மேல்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே ஒளிந்திருந்து பரிசலின் அடியைக் கிழிக்கும். நீர் மிகுந்தால் அதே பாறைகள் ஆழத்தில் மறைந்து, பின்புறத்தில் சுழிகளை உண்டாக்கும். பரிசலுக்கு உகந்தது நடுத்தரமான நீர். அதிலும் இறங்குமுகமான நீர்.

பாறை எழுதும் கடிதம்

ஏறுமுகமா இறங்குமுகமா என்று எப்படி அறிவது? கரைப் பாறையைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே பாறையில் ஈரப்பட்டை ஒன்று படிந்திருந்தால் ஆறு சற்று முன்புதான் கீழே இறங்கியிருக்கிறது. பாறை உலர்ந்திருக்க, நீர் அதை நேரே தொட்டு நின்றால் ஆறு அசையாமல் இருக்கலாம், ஏறிக்கொண்டும் இருக்கலாம். சந்தேகம் தீர ஒரு சுள்ளியை நீரோரத்தில் நட்டுவிட்டு அரைமணி காத்திருங்கள். சுள்ளியின் அடி நனைந்து மேலே ஏறினால் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியதுதான்.

நிறமும் சாட்சி சொல்லும். தெளிந்திருந்த நீர் செம்மண் நிறம் கொள்வதும், நுரையும் இலையும் சருகும் கும்பலாக மிதந்து வருவதும், புது வெள்ளம் வருகிறது என்பதற்கு அறிகுறி. அவற்றின் பின்னே மரக்கட்டை வரும். அது வலையில் சிக்கினால் வலையோடு பரிசலையும் இழுத்துக்கொண்டு போகும். வலைக் கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொள்வது எமனுக்கு ஓலை அனுப்புவதற்குச் சமானம்.

இங்கே வானம் வெளுத்திருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை கிருஷ்ணராஜ சாகரத்தையும் கபினி அணையையும் நிரப்பி, மதகுகளைத் திறக்கச் செய்து, பிறகுதான் இங்கே வந்து கதவைத் தட்டுகிறது. அணையில் திறந்த நீருக்குக் கணக்கும் முன்னறிவிப்பும் உண்டு. ஆனால் அணைகளுக்குக் கீழே வந்து கலக்கும் அர்க்காவதியும், ஒகேனக்கலிலேயே வந்து சேரும் சின்னாறும், கோடை மழையில் சொல்லாமல் பெருகும். 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தைத் தாத்தாக்கள் கதையாகச் சொன்னார்கள். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. மேலேயும் அணைகள் எழும்பின. அப்படி இருந்தும் 2018-லும் 2022-லும் ஆகஸ்டு மாதத்தில் காவேரி லட்சம் கன அடிக்கு மேல் புரண்டு வந்தாள். அணை கட்டியதனால் ஆறு அடிமையாகிவிடவில்லை.

"இன்னிக்கு வேணாமுங்க"

பட்டணத்திலிருந்து சிநேகிதர்களோடு ஒருவர் வருகிறார். தூண்டில், கட்டுச்சாதம், காமிரா எல்லாம் தயார். "தண்ணீர் அமைதியாகத்தானே இருக்கிறது? கூட இரண்டு மடங்கு தருகிறேன்" என்கிறார். பரிசல்காரர் பாறையைப் பார்க்கிறார், நுரையைப் பார்க்கிறார், "இன்னிக்கு வேணாமுங்க, சாமி" என்கிறார். வந்தவருக்குக் கோபம் வருகிறது. சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்.

அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுக்கும் விலை என்னவென்று நாம் யோசிப்பதில்லை. பரிசல் ஓடாத நாளில் அவர் வீட்டில் அடுப்புப் புகைவது சிரமம். ஒகேனக்கல் கரையில் பல நூறு குடும்பங்களின் நிலை இதுதான். அப்படி இருந்தும் ஒருவர் கையில் வந்த கூலியைத் தள்ளி 'வேண்டாம்' என்கிறார் என்றால், அதற்குப் பின்னே தலைமுறை தலைமுறையாக ஆற்றைப் படித்த படிப்பு இருக்கிறது. எந்தச் சர்வகலாசாலையும் அதற்குப் பட்டம் கொடுத்ததில்லை. ஆனாலும் அது இந்த நாட்டின் செல்வம்.

அந்தப் படிப்பும் அளவை நிலையத்தின் எண்ணும் கைகோக்க வேண்டும். ஒவ்வொரு துறையிலும் பாறையில் அடிக்கோடு எழுதி, அன்றன்றைய நீர்வரத்தைப் பெரிய தமிழ் எழுத்தில் பலகையில் போட்டு வைப்பதற்கு அதிகச் செலவு பிடிக்காது. பரிசல் ஏறுகிறவர்கள் உயிர்காப்பு அங்கியை அணிந்துகொள்ளச் சிரமப்பட வேண்டியதும் இல்லை.

மீன் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அகப்படும். செந்நீர் தெளிந்து ஆறு இறங்கும்போது வலையும் நன்றாகவே நிறையும். காவேரி எங்கும் போய்விட மாட்டாள். போகிறவர்கள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.