அதிகாரியின் சமயமும் மக்களின் உரிமையும்

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் கரம்பொன்னுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு விதையும் மண்வெட்டியும் வழங்கக் கூடியிருந்தோம். வழமைபோலச் செபத்துடன் ஆரம்பித்தேன். சைவக் குடும்பத்து அம்மா ஒருவர் படலையடியிலேயே நின்றுவிட்டார். “செபம் முடியட்டும் பாதர், பிறகு வாறன்” என்றார். அவர் உள்ளே வந்தபோது பெயர்ப்பதிவு பாதி முடிந்திருந்தது.

பொதுப்பணியில் இருப்பவர் தமது சமயத்தை வெளிக்காட்டலாமா? காட்டலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் அளிக்கிறது. ஆயினும் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் உறுதிசெய்கின்றன. அதிகாரியும் ஒரு பிரசையே. அவர் திருநீறு பூசலாம், சிலுவை அணியலாம், பிரித் நூல் கட்டலாம்.

ஆனால் அவர் அமர்ந்திருக்கும் கதிரை எல்லோருக்கும் உரியது. சமயத்தைக் காரணங்காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது 12ஆம் உறுப்புரை. ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: அவருடைய வழிபாட்டில் நாமும் கலந்தாக வேண்டுமா? கலவாதவருக்கு உதவி குறைகிறதா, பிந்துகிறதா? அவர் தம் பெயரில் வழிபடுகிறாரா, அரசின் பெயரிலா?

மூன்றாவது கேள்வி நுணுக்கமானது. 2019 நவம்பர் 18இல் கோட்டாபய ராஜபக்ஷ அனுராதபுரத்து ருவன்வெலிசாயவில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அங்கே வணங்குவது அவருடைய உரிமை. நாட்டுக்குச் செய்யும் சத்தியத்தை அங்கே செய்தபோது, பிற சமயத்தவர் மனதில் ‘இவர் எங்களுக்கும் ஜனாதிபதியா’ என்ற ஐயம் எழுவது இயல்பே.

மறுபுறம் தந்தை செல்வாவைப் பாருங்கள். அவர் தென்னிந்தியத் திருச்சபைக் கிறிஸ்தவர். சைவர் பெரும்பான்மையான காங்கேசன்துறை 1947இல் அவரைத் தெரிவுசெய்தது, 1952இல் தோற்கடித்தது, 1956இல் மீண்டும் ஏற்றது, 1975 இடைத்தேர்தலிலும் வெல்ல வைத்தது. அவர் தம் சமயத்தை மறைக்கவுமில்லை, மாற்றவுமில்லை. அதைக் காட்டி வாக்குக் கேட்கவுமில்லை.

சமயங் காரணமாக உங்கள் பெயர் உதவிப் பட்டியலில் விடுபட்டால் வாய்ச்சண்டை வேண்டாம். திகதி, அலுவலகம், சொல்லப்பட்ட வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். கொழும்புக்குப் போக வசதியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக்கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு.

எமது கூட்டங்களில் இப்பொழுது பதிவும் பங்கீடும் முதலில் நடக்கின்றன. செபம் அதன்பின், விரும்பி நிற்பவர்களோடு. அந்த அம்மா இப்பொழுது படலையடியில் நிற்பதில்லை.