காரம் மிளகாயிலா, நாக்கிலா?

பச்சை மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது. வெப்பமானி வைத்துப் பாருங்கள், சூடு ஏறியிருக்காது. பிறகு எரிவது எது?

நரம்பு முனைகளில் டிஆர்பிவி-1 என்றொரு புரத வாயில் உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் போகும். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற வேதிப்பொருள் அதே வாயிலுக்குக் கள்ளச்சாவி. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. 1997இல் இந்த வாயிலை அடையாளம் கண்ட ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிளிக்கு இந்தச் சாவி பொருந்தாது. பழுத்த மிளகாயை அது பாட்டுக்குக் கொத்தித் தின்னும். அப்படியானால் காரம் யாருடைய குணம்? நிறமும் சுவையும் நாம் உணர்கிறபடி பொருளில் இல்லை, அவற்றை நமக்குள் எழுப்பும் ஆற்றல்தான் அதில் இருக்கிறது என்றார் 17ஆம் நூற்றாண்டின் தத்துவஞானி ஜான் லாக். என் ஓட்டு அவருக்கே. ஆனால் நரம்பில் ஓடும் மின்துடிப்பு ஏன் எரிச்சலாக உணரப்படுகிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை.