உருவற்ற இறையிருப்பும் பெண்மையும்: யூத ஷெகினாவும் ஆவுடையார்கோவில் வழிபாடும்

முன்னுரை

யூத சமயம் இறைவனுக்கு உருவம் சமைப்பதில்லை. இறைவன் மக்களிடையே உறைதலை அச்சமயம் ‘ஷெகினா’ என்னும் பெண்பாற் சொல்லால் குறிக்கிறது. இதனைச் சைவத்தின் சக்தியோடு ஒப்பிடுவது எவ்வளவு பொருந்தும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலின் வழிபாட்டமைப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஷெகினா: சொல்லும் வளர்ச்சியும்

‘தங்குதல், உறைதல்’ எனப் பொருள்படும் எபிரேய வேரினின்று ஷெகினா பிறந்தது. இஸ்ரவேலர் பாலைநிலத்தில் சுமந்து சென்ற திருக்கூடாரத்தின் பெயராகிய ‘மிஷ்கான்’ என்பதும் இவ்வேரினதே. எபிரேய விவிலியத்தில் ஷெகினா என்னும் பெயர்ச்சொல் இல்லை. பிற்கால அரமேய மொழிபெயர்ப்புகளிலும் ரபிமார் இலக்கியத்திலுமே அது வழங்குகிறது. மக்கள் நாடுகடத்தப்பட்ட இடமெல்லாம் ஷெகினாவும் உடன்சென்றது என்பது தால்மூது தரும் கருத்தாகும்.

தமிழில் பால்பகுப்பு பொருளைத் தழுவியது. எபிரேயத்திலோ உயிரற்ற பொருளும் கருத்தும்கூட ஆண்பாலோ பெண்பாலோ ஏற்கும். எனவே சொல் பெண்பாலாதல் கொண்டே ஷெகினாவைப் பெண்தெய்வம் எனக் கொள்ளவியலாது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பரவிய பாகிர், சோகார் முதலிய கபாலா நூல்களிலேயே அது மகள், மணமகள், அரசி எனப் பெண்மை வடிவம் பெறுகிறது. இறைவனின் பத்து வெளிப்பாடுகளுள் இறுதியானதாகவும் வைக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டைக் கெர்ஷோம் ஷோலெம் தம் ஆய்வுகளில் தெளிவுபடுத்தியுள்ளார்.

ஆவுடையார்கோவில்: உருவற்ற சந்நிதி

திருப்பெருந்துறை எனப்படும் ஆவுடையார்கோவில், மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட தலமாகப் போற்றப்படுகிறது. இங்குக் கருவறையில் ஆவுடையார் மட்டுமே உள்ளது. அதன்மேல் இலிங்கப் பாணம் இல்லை. ஆத்மநாதர் உருவின்றி வழிபடப்பெறுகிறார். யோகாம்பாள் சந்நிதியிலும் திருமேனியில்லை, திருவடிகளே வணங்கப்பெறுகின்றன. நந்தியும் இல்லை. சுடுசோற்றினின்று எழும் ஆவியே நிவேதனமாகிறது. ஆவுடையைச் சக்தியின் கூறாகச் சைவ மரபு கொள்வதால், காணவியலா இறைவன் உறையுமிடம் இங்குப் பெண்மையாகவே காட்சியளிக்கிறது.

ஒப்புமையும் வேற்றுமையும்

உருவற்ற இறைவனை ‘உறைதல்’ வழியாக உணர்த்துவதும், அவ்வுறைதலைப் பெண்மையோடு இணைப்பதும் இருமரபுக்கும் பொது. ஆயினும் யோகாம்பாள் தனிச் சந்நிதியும் பெயரும் உடைய இறைவி. ஷெகினாவுக்குத் தனி வழிபாடு இல்லை. ஆவுடை தலத்தில் நிலைபெற்றது. ஷெகினா இடமிழந்த மக்களோடு நடப்பது.

முடிவுரை

ஷெகினாவைச் ‘சக்தி’ என மொழிபெயர்ப்பின் அதன் நாடுகடந்த வரலாறு மறைந்துவிடும். ‘உறைதல்’ என்னும் வினையிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்குவதே இரு மரபுகளின் தனித்தன்மையையும் காக்கும் முறையாகும்.