உலகிலேயே ஆபத்தான விலங்கு எது? காட்டில் தேட வேண்டாம்



சென்ற மாதம் சாக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. கலைவதற்கு முன்னால் வழக்கம்போல ஒரு கேள்வி போட்டேன். "உலகத்திலேயே ரொம்ப ஆபத்தான விலங்கு எது?"

"புலி" என்றார் ஒருவர். "யானை மேடம், கோயம்புத்தூர் பக்கம் ஆளை மிதிச்சிருச்சுன்னு டி.வி.யில போட்டானே." "சிங்கம்." "சுறா மீன்." கடைசி வரிசையில் இருந்த ஒரு அக்கா மட்டும் எழுந்து, "குடிச்சிட்டு வர்ற மனுசன்தான் மேடம்" என்றார். கூட்டமே சிரித்தது.

சிரித்தாலும் அந்த அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது. மனிதனைக் கொல்லும் உயிர்களை வரிசைப்படுத்தினால் இரண்டாவது இடத்தில் மனிதனே நிற்கிறான். உலகத்தில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொலை செய்யப்படுகிறார்கள். ஆனால் சுறா கடித்துச் சாகிறவர்கள் உலகம் முழுவதும் சேர்த்தே ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவுதான். நம் நாட்டில் புலியால் சாகிறவர்கள் அதிகம் போனால் நூறு பேர் அளவில். யானையால் ஐந்நூறுக்கும் மேல். காட்டு ஓரம் வாழ்கிறவர்களுக்கு அது பெரிய துயரம்தான். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் இருக்கிற நமக்கு யானையும் இல்லை, புலியும் இல்லை. நம் ஊரில் பெரிய மிருகம் என்றால் மஞ்சுவிரட்டு மாடுதான். 2024 ஜனவரியில் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று சிறுபிள்ளை. வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதற்கு மேல் சொன்னால் ஊரில் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

முதல் இடம் யாருக்கு? கொசுவுக்கு. மலேரியாவால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்கு சுமார் ஆறு லட்சம் பேர் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் உள்ள சின்னக் குழந்தைகள். மலேரியா கொசுவால்தான் பரவுகிறது என்பதை 1897-ல் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் நம் பக்கத்து செகந்திராபாத்தில் வைத்துத்தான் கண்டுபிடித்தார். அடுத்து பாம்பு. அதற்கடுத்து நாய். இந்த மூன்றும் நம் வாசலில், கொல்லையில், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறவை. அதனால் இந்த மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாம்பு

முதலில் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது. பெயர் வேண்டாம். கோடைக்காலம், கரண்ட் இல்லை என்று திண்ணைக்குக் கீழே தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணிக்கு இமை தூக்க முடியவில்லை, தூக்கம் வருகிற மாதிரி சொக்குகிறது, பேச்சு குழறுகிறது. "முனி அடிச்சிருச்சு" என்று மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோய்விட்டார்கள். அவர் தண்ணீர் ஓதித் தெளித்து, கயிறு கட்டி அனுப்பும்போது மணி பத்து. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஆறு நாள் மூச்சுக் கருவியில் வைத்துக் காப்பாற்றினார்கள். உடம்பில் கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் விறகு அடுக்கைப் பிரித்தபோது கீழே இருந்தது கட்டுவிரியன்.

கட்டுவிரியன் கறுப்பாக, பளபளவென்று, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு இருக்கும். ராத்திரியில்தான் நடமாட்டம். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது. வீக்கம் இருக்காது, ரத்தம் வராது. விஷம் நரம்பில் வேலை செய்து கடைசியில் மூச்சை நிறுத்தும். சில ஊர்களில் இதை எட்டடி விரியன் என்பார்கள். கடித்தால் எட்டு அடி எடுத்து வைப்பதற்குள் சாவு என்று பயம் காட்டுவார்கள். அது சரியில்லை. நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை மந்திரத்தில் விடுவதால்தான் உயிர் போகிறது. நேற்று வரை நன்றாக இருந்தவருக்கு விடியற்காலையில் திடீரென வயிற்றுவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் என்றால் தடம் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் "தரையில் படுத்திருந்தார்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

நம் பக்கம் கவனிக்க வேண்டிய மற்ற மூன்று பாம்புகளை நீங்களே அறிவீர்கள். நல்லபாம்பு படம் எடுக்கும். கண்ணாடி விரியன் தடிமனாக, முதுகில் சங்கிலி கோர்த்த மாதிரிப் புள்ளிகளோடு இருக்கும். குக்கர் விசில் போலச் சீறும். சுருட்டை விரியன் சின்னது, வறண்ட பூமியில், கல் இடுக்கில் இருக்கும். சீமைக்கருவை வெட்டப் போகிறவர்கள் கையுறை இல்லாமல் சுள்ளி அள்ளக்கூடாது. விரியன் கடித்தால் வீங்கும், ரத்தம் உறையாமல் போகும், ஈறில் ரத்தம் கசியும், கண்ணாடி விரியன் என்றால் கிட்னியும் கெடும். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் விஷம் இல்லாதவை. சாரை எலியைத் தின்று நமக்கு உதவி செய்கிற பிராணி. புதுவயல் ரைஸ் மில் பக்கம் இருக்கிறவர்களுக்கு எலி, பாம்புக் கணக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பத்தில் ஒன்பதுக்கு மேல் கிராமத்தில். நான்கில் மூன்று பங்கு சாவு ஆஸ்பத்திரிக்கு வெளியே. அதாவது மருந்து இருக்கிறது, ஆள் மருந்துகிட்டப் போய்ச் சேரவில்லை. வீட்டிலேயே இறந்தவர்கள் அரசாங்கக் கணக்கிலும் வருவதில்லை. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. தனியார் ஆஸ்பத்திரி உட்பட எல்லோரும் பாம்புக்கடி கேஸைத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் நடத்தும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முன்பு அவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றவர்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்புப் போயிற்று. 1978-ல் சங்கமாகச் சேர்ந்தார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விஷம் மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சத்திலிருந்து மருந்து தயாராகிறது. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தனியாக நின்றால் கையில் ஒன்றுமில்லாதவர்கள், சங்கமாகச் சேர்ந்து நாட்டுக்கே மருந்துக்கு வழி செய்திருக்கிறார்கள். குழு நடத்துகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதினேன்.

கடித்தால் செய்ய வேண்டியது: முதலில் வளையல், மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்கும்படி ஆகிவிடும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கோழிக்குஞ்சை வைப்பது எதுவும் வேண்டாம். கடித்த கை காலை எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல ஒரு கம்பு வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி ஆட்டாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். வர நேரமாகும் என்றால் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்ட கதை உண்டு.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல், "ஊசி போடாம சும்மா உக்கார வச்சிருக்காங்க" என்று சண்டை போட்டு, நோயாளியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடித்த பாம்பெல்லாம் விஷம் ஏற்றுவதில்லை. விஷம் ஏறாதவருக்கு மருந்து தேவையில்லை. ஆனால் ஒருநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துதான் ஆக வேண்டும்.

நாய்

உலகத்தில் வெறிநோயால் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024-ல் 4.80 லட்சம் பேரை நாய் கடித்தது. 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள். நோய் வெளிப்பட்ட பிறகு, தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகும் நிலை வந்த பிறகு, எந்த மருந்தும் இல்லை. அதற்கு முன்பு முறையாக ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

கடித்த இடத்தில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. சின்ன வயதில் என்னை நாய்க்குட்டி பிறாண்டியபோது எங்கள் ஆத்தாவும் சுண்ணாம்புதான் வைத்தார். ஊசி போடவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தக் குட்டிக்கு நோய் இல்லை என்பதுதான் காரணம், சுண்ணாம்பு இல்லை. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம், கடிகாரம் பாருங்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்படாதீர்கள், அதை நிறுத்தி 20 வருடம் ஆகிறது. இப்போது கையில்தான். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போக வேண்டும் என்று கடைசி ஊசியை விடுகிறவர்கள் அதிகம். அந்தத் தேதிகளைக் குழு நோட்டில் தவணைத் தேதி மாதிரி எழுதி வைத்து ஒருவரை ஒருவர் விரட்டுங்கள்.

கொசு

நம் மாவட்டத்தில் மலேரியாவைவிட டெங்குதான் கவலை. 2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்து, 65 பேர் இறந்தார்கள். டெங்கு கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, நல்ல தண்ணீரில் பிறக்கிறது. பகலில் கடிக்கிறது. செட்டிநாட்டில் நமக்கென்று ஒரு தனிப் பிரச்சனை உண்டு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். முற்றத்தில் வைத்த அண்டா, ஆட்டுக்கல், மாடித் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். காவல் பார்க்கிற வீட்டில் வேலை செய்யும் உறுப்பினர்கள் வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துவிட்டால் தெருவுக்கே நல்லது. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒருமுறை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்து கிடந்தாலும் சாகாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். காய்ச்சலுக்குக் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கொசுவலைக்குக் குழு உள்கடன் கொடுக்கலாமா என்று கல்லல் பக்கத்தில் ஒரு குழுத் தலைவி கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம். வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகினால் கட்டுவிரியனும் உள்ளே வராது. நேபாளத்தில் நடந்த ஆய்வில், வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக பாஸ்புக் விஷயம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பாம்புக்கடிச் சாவும் இதில் அடங்கும். ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கான பதிவு வேண்டும். மந்திரிப்பவர் சீட்டு செல்லாது. ஆண்டு ஜூன் 1-ல் தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக் கொண்டு வாருங்கள், கழித்திருக்கிறார்களா என்று உட்கார்ந்து பார்ப்போம்.